கடவுளுக்கு வழக்குரைப்பாரிடம் சில வினவல்கள்

"நான் நம்புகின்றேன்" என்று ஒருவர் சொன்னால் அவரொடு நமக்கு வழக்கில்லை. நம்பிக்கை அவரவர் உள்ளத்துக்குரியது. அதன் கதவை உடைத்து உள்நுழையும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால், "நான் மெய்ப்பிக்கின்றேன்" என்று ஒருவர் அவையில் எழுந்து நிற்பாராயின் நிலை வேறாகின்றது. மெய்ப்பிக்க வந்தவர் மெய்ப்பித்தலுக்குரிய நெறிகட்குக் கட்டுப்பட்டவர். வினவினால் விடையிறுத்தல் வேண்டும். விடை இல்லையெனின் இல்லையென ஒப்புதல் வேண்டும். பாதி வழியில், "இது நம்பிக்கை, ஆராயற்க" என்று பின்வாங்குதல் ஆகாது.

இற்றைக் கிறித்தவப் பரப்புநருள் இவ்விரண்டாம் வகையினர் பெருகியுள்ளனர். மேலை நாடுகளில் கடவுளுக்கு வழக்குரைத்தல் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. அங்குச் சமைக்கப்பெற்றவை துண்டு வெளியீடுகளாகவும் ஒளிக்காட்சி உரைகளாகவும் தமிழாக்கப்பெற்று நம் கல்லூரி மாணவர் கைகளை வந்தடைகின்றன. அறிவியலே கடவுளை ஒப்புகின்றதாம். வரலாறே ஏசுவின் உயிர்த்தெழுதலுக்குச் சான்றாம். கடவுள் இல்லையேல் அறமே இல்லையாம்! (அவ்வெளியீடுகளின் தமிழை நினைந்து தனியே அழவேண்டும். மீட்பு, தூய்மை, நற்செய்தி என்னும் நல்ல சொற்கள் இருக்க, இரட்சிப்பு, பரிசுத்தம், சுவிசேசம் என்றே இன்னும் மென்றுகொண்டிருக்கின்றனர். 1995-இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இக்குறையைப் பெரிதும் களைந்த பின்னும் இவர்கள் வாய் திருந்தவில்லை. அது நிற்க.)

இதனை நாம் எழுதுவதால் வேதியப் பிடாரிகட்குத் துணைபோகின்றோம் என எவரும் கருதற்க. பூணூற் சமயத்தின்மேல் நாம் தொடுத்துவரும் வினாக்கள் இவற்றினும் கடியவை. 2002-இல் தமிழகத்தில் கொண்டுவரப்பெற்று 2004-இல் நீக்கப்பெற்றதே மதமாற்றத் தடைச் சட்டம், அத்தகையவை கருத்தைக் கோலால் அடக்க முயலும் கருவிகள். கருத்தைக் கருத்தால் எதிர்கொள்வதே தமிழர்க்கு அழகு. அவ்வாறே எதிர்கொள்வோம்.

முதற்கண் அவர்கள் எடுத்து வைப்பது கரணிய வழக்கு. தோன்றிய ஒவ்வொன்றற்கும் கரணியம் உண்டு, பேரண்டம் தோன்றியது, எனவே அதற்கும் ஒரு கரணியம் உண்டு, அக்கரணியமே கடவுள் என்பர். இற்றை நாளில் இதற்குப் புத்துயிர் ஊட்டியவர் வில்லியம் இலேன் கிரெய்கு என்னும் அமெரிக்கர். 1979-இல் இதுபற்றி நூலெழுதினார். அந்நூலில் இவ்வழக்கிற்கு அவர் இட்ட பெயர் 'கலாம்' என்னும் அரபுச் சொல்லாகும். கிறித்தவ வழக்கிற்கு அரபுப் பெயர் ஏன்? இதனைக் கூர்மைப்படுத்தியவர்கள் இசுலாமிய மெய்யியலார். கி.பி. 1111-இல் மறைந்த அல்-கசாலி அவர்களுள் தலையாயவர். அல்-கசாலி இவ்வழக்கால் நிறுவியது அல்லாவை! ஏசு கடவுளின் மகன் என்பதை அவர் ஒருநாளும் ஏற்றவரல்லர். ஒரே ஏணியைச் சார்த்தி ஒருவர் பள்ளிவாசல் மாடியிலும் மற்றொருவர் மாதாகோயில் மாடியிலும் ஏற முடியுமாயின், அவ்வேணி எந்த மாடிக்குரியது?

இவ்வழக்கு முழுவதும் சரியென்றே ஒருகணம் வைத்துக்கொள்வோம். அதன் முடிவில் கைக்குக் கிட்டுவது என்ன? 'ஏதோ ஒரு கரணியம்' என்னும் அளவே. அது அறிவுடையதா, அறிவற்றதா? ஒன்றா, பலவா? இன்னும் இருக்கின்றதா, அன்றே ஒழிந்ததா? ஒன்றும் தெரியாது. அது கன்னி வயிற்றில் பிறந்தது, சிலுவையில் மாண்டது, மூன்றாம் நாள் எழுந்தது என்பதற்கு இவ்வழக்கில் ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தாவல் எங்கே நிகழ்கின்றது என்பதை இளைஞர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கடவுளுக்குக் கரணியம் யாது என்று கேட்டாலோ, "அவர் தோன்றாதவர்" என்பர். தோன்றாத ஒன்று இருக்கலாகும் எனின், அப்பொருள் இப்பேரண்டத்தின் அடிப்படை இயற்கையாகவே இருத்தல் ஆகாதா?

பெருவெடிப்பை இவர்கள் தம் கட்சிச் சான்றாக அழைப்பதும் உண்டு. ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகட்கு முன் மிக்க வெப்பமும் செறிவும் கொண்ட நிலையினின்று பேரண்டம் விரிந்தது என்பதே அறிவியல் கூறுவது. அதற்கு முன் என்ன என்பது இன்னும் தீராத ஆய்வு. அறியாத இடத்துக்குக் கடவுள் என்று பெயர் சூட்டுவது விடையாகாது. இக்கொள்கைக்கு வித்திட்டவருள் ஒருவரான இலமெய்த்தர் பெல்சிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப்பரசர் பன்னிரண்டாம் பயசு இக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றுபோற் காட்டிப் பேசியதை அவரே விரும்பினாரல்லர். தம் கொள்கை சமயச் சிக்கல்கட்குப் புறம்பானது என்றே சொன்னார். குரு ஒப்பாததைப் பரப்புநர் கூவுகின்றார்!

அடுத்தது வடிவமைப்பு வழக்கு. புல்வெளியில் ஒரு மணிப்பொறி கிடந்தால் அதனைச் செய்த ஒருவன் இருந்திருக்க வேண்டுமன்றோ, அங்ஙனமே உயிர்களின் உடலும் என்று 1802-இல் வில்லியம் பேலி எழுதினார். அதற்கு 23 ஆண்டுகட்கு முன்னரே, 1779-இல், இயூமின் உரையாடல் நூல் இவ்வகை ஒப்புமையின் அடியைத் தோண்டியிருந்தது. 1859-இல் தார்வின் எஞ்சியதையும் சாய்த்தார். வடிவமைத்த பேரறிஞரின் கைவேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போமே. மூளையினின்று குரல்வளைக்குச் செல்லும் நரம்பொன்று உளது. கழுத்திலேயே நேராகச் சென்று முடியவேண்டிய அது, இடப்புறத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, நெஞ்சாங்குலையினின்று புறப்படும் பெருங்குருதிக் குழாயைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகின்றது. ஒட்டகச் சிவிங்கியில் இவ்வீண் சுற்றின் நீளம் ஏறத்தாழ 15 அடி! கழுத்தில்லாத மீனினத்தில் இந்நரம்பின் முன்னோடி நேர்வழியிற் சென்றது. தலைமுறைகள் தோறும் கழுத்து நீள நீள, அதுவும் இழுபட்டு நீண்டது. படிமலர்ச்சிக் கொள்கை இதனை எளிதில் விளக்குகின்றது. வடிவமைப்புக் கொள்கையார்க்கோ, இறைவனின் திருவுள்ளம் அறியோம் என்பதொன்றே விடை. மணிப்பொறிக்குள் 15 அடிக் கம்பியைத் தேவையின்றிச் சுற்றி வைப்பவனை நாம் தொழிலறிந்தவன் என்போமா?

காண்டர்பரியின் பேராயராய் இருந்த அன்செலம் 1078 அளவில் எழுதிய, 'பெரிதினும் பெரிதாக எண்ணப்படுவது இருந்தே தீரவேண்டும்' என்னும் சொற்சிலம்பத்தைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. அதனை அக்காலத்திலேயே கோனிலோ என்னும் துறவி மறுத்தார். பின்னர்த் தாமசு அக்குவினாசே ஏற்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள்ளேயே விலைபோகாத சரக்கு அது.

பாசுக்கலின் பணையமோ தெருமுனை வரை வந்துவிட்டது. "கடவுளை நம்பு, இருந்தால் பேரூதியம், இல்லையேல் இழப்பொன்றும் இல்லை, நம்பாமல் விட்டு அவர் இருந்துவிட்டாலோ முடிவிலா அளறு!" 1670-இல் அச்சேறிய அவர்தம் சிந்தனை நூலில் உள்ள இதனை அடுத்த நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் திதெரோ ஒரே அடியில் வீழ்த்தினார்: ஓர் இசுலாமியக் குருவும் இதனையே சொல்லலாமே என்றார். ஆம், எந்த அளற்றுக்கு அஞ்சி எந்தக் கடவுளிடம் ஓடுவது? அன்றியும், ஊதியம் கருதி நம்புவதுபோல் நடிப்பவனை மகிழ்ந்தேற்றுக்கொண்டு, ஆராய்ந்து நம்ப மறுத்த நேர்மையாளனை எரிக்கும் ஒருவர் இருப்பாராயின், அவர் வணங்கத்தக்கவர்தாமா?

இவை எல்லாம் வாயிற்படி வழக்குகள். உள்ளறைக்குள் ஏசு இருக்கின்றார். இங்கு அவர்கள் நம்பியிருப்பது ஆங்கில எழுத்தாளர் சி.எசு. இலூயிசு சொல்லிய முக்கவர் வழி. உலகப்போர்க் காலத்து வானொலி உரைகளாகத் தொடங்கி 1952-இல் நூலுருப் பெற்ற அவர்தம் கூற்று இது: தம்மைக் கடவுளென்று சொல்லிக்கொண்ட ஏசு ஒன்று பொய்யராயிருக்க வேண்டும், அன்றிப் பித்தராயிருக்க வேண்டும், அன்றி ஆண்டவராகவே இருக்க வேண்டும். முதலிரண்டும் ஒப்பமுடியாதவை; எனவே மூன்றாவதே என்பர்.

நான்காம் கவர் ஒன்றுண்டே! அவர் அங்ஙனம் சொன்னார் என்று பின்னுள்ளோர் எழுதி வைத்திருக்கலாமன்றோ? நான்கு நற்செய்தி நூல்களுள் முந்தியது மாற்கு என்பதும் பிந்தியது யோவான் என்பதும் பெரும்பாலான ஆய்வாளர் முடிபு. முந்திய மாற்கில் (10:18), தம்மை நல்லவர் என அழைத்தவனைத் தடுத்து, கடவுளன்றி நல்லவர் எவரும் இல்லை என்று ஏசு மறுமொழி சொல்கின்றார். பிந்திய யோவானிலோ (10:30) தாமும் தந்தையும் ஒன்றென்கின்றார். ஆண்டுகள் ஏற ஏற ஆளும் ஏறுகின்றார். நம் நாட்டு அரசர்களும் அடியார்களும் கதைகளில் எவ்வாறு வளர்ந்தனர் என்பதை அறிந்த தமிழனுக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கின்றது?

உயிர்த்தெழுதற்குச் சான்றாக வெறுங் கல்லறையைக் காட்டுவர். அக்கல்லறைக்குச் சென்ற பெண்கள் எத்துணைப் பேர்? மாற்கு மூவர் பெயரைச் சொல்கின்றார். மத்தேயு இருவர் பெயரைச் சொல்கின்றார். யோவான் மகதலா மரியாள் ஒருத்தியை மட்டுமே பெயர் சுட்டுகின்றார். இதனினும் பெரியது ஒன்று. நான்காம் நூற்றாண்டினவாகிய சினாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் மிகப் பழைய முழு விவிலியச் சுவடிகளுள் தலையாயவை. இவ்விரண்டிலும் மாற்கு நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வரியோடு முடிந்துவிடுகின்றது. பெண்கள் அஞ்சி ஓடினர், எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு சரி. உயிர்த்தெழுந்த ஏசு தோன்றிப் பேசும் அடுத்த 12 வரிகள் அவற்றில் இல்லை! இது கடவுள் மறுப்பாளர் கட்டிய கதையன்று. கிறித்தவ அறிஞர்களே தங்கள் பதிப்புகளில் அடிக்குறிப்பாக அச்சிடும் செய்தி. தெருவிற் பரப்புரை செய்வோர் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை போலும்.

ஐந்நூறு பேர் ஒருங்கே கண்டனர் என்று பவுல் கொரிந்தியர்க்கு எழுதியதை அடுத்துக் காட்டுவர். அவ்வைந்நூற்றுவருள் ஒருவர் பெயரேனும் உண்டா? ஒருவர் எழுதியதேனும் உண்டா? இல்லை. ஐந்நூறு பேர் கண்டனர் என்று ஒருவர் சொன்னது ஒரு சான்றே ஒழிய ஐந்நூறு சான்றன்று. மத்தேயு (27:52-53) இதனையும் விஞ்சுகின்றார். ஏசு இறந்தபொழுது கல்லறைகள் திறந்து, தூயவர் பலருடைய உடல்கள் எழுந்து, பின்னர் எருசலேம் நகருக்குள் சென்று பலர்க்குத் தோன்றினவாம்! இறந்தோர் கூட்டமாகத் தலைநகர்த் தெருவில் நடந்த செய்தியை ஏனைய மூன்று நற்செய்தியாளரும் எழுதவில்லை. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசும் எழுதவில்லை. யோசேப்பசின் நூலில் ஏசுவைப் பற்றி உள்ள புகழ்ப் பகுதியிலும் கிறித்தவர் கை புகுந்துள்ளதென்பது பெரும்பாலான ஆய்வாளர் ஒப்பிய செய்தி.

"பொய்க்காக எவரேனும் உயிர் கொடுப்பரா? திருத்தூதர்கள் கொடுத்தனரே" என்பது கடைசிக் கணை. உண்மையென்று நம்பியதற்காக மாந்தர் உயிர் கொடுப்பர். நம்பியதனாலேயே அஃது உண்மையாகிவிடாது. 1963-இல் சைகோன் நகர்த் தெருவில் திக்கு குவாங் தக்கு என்னும் புத்தத் துறவி அசையாதமர்ந்து எரிந்து மாண்டார். அதனால் புத்த நெறியின் மறுபிறப்புக் கொள்கை மெய்யெனப் பாதிரியார் ஒப்புவாரா? மேலும், அத்தூதர்களுள் பெரும்பாலோரின் இறப்பைப் பற்றிய கதைகள் பிற்காலத்தவை. நம் மயிலையில் தோமா கொல்லப்பட்டார் என்கின்றனரே, மூன்றாம் நூற்றாண்டினதாகிய தோமாவின் பணிகள் என்னும் நூலே மயிலையின் பெயரைச் சொல்லவில்லை.

2004 திசம்பர் 26, கிறித்துப் பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் ஆழிப்பேரலைக்கு இரையாயினர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கோயிற் கட்டடத்துள் நீர் புகவில்லை. அதனை இறும்பூதென்று சொன்னவர்கள் இருந்தனர். கட்டடத்தைக் காத்த கை, கடற்கரையில் நின்ற குழந்தையை ஏன் காக்கவில்லை? காக்க முடியாதவர் எனின் வல்லவரல்லர். விரும்பாதவர் எனின் நல்லவரல்லர். 1755 நவம்பர் 1-ஆம் நாள், தூயோர் அனைவர்க்கும் உரிய திருநாளில், இலிசுபன் நகரின் கோயில்கள் நிரம்பியிருந்த வேளையில் நிலம் நடுங்கிக் கூரைகள் சரிந்தபொழுதும் ஐரோப்பாவில் இவ்வினா எழுந்தது. மாந்தனின் விருப்புரிமையால் தீமை விளைகின்றது என்னும் விடை கொலைகாரனுக்குப் பொருந்தலாம். கடலுக்கு எங்ஙனம் பொருந்தும்? 250 ஆண்டுகளில் விடை ஓரங்குலமும் நகரவில்லை.

இவ்விடத்தில் பேச்சு திசைமாறும். "அலை வந்தபொழுது சோறிட்டவர் யார்? பள்ளி கட்டியவர் யார்? உங்கள் தமிழை அச்சேற்றியவர் யார்?" என்பர். ஒப்புகின்றோம். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவர் ஏசு அவைத் துறவி. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் கண்டவர் சீகன்பால்கு. 1856-இல் திரவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்து வடமொழி மாயையைத் தகர்த்தவர் கால்டுவெல். இவர்கள் பெயரைத் தமிழன் நன்றியின்றி நினையான். ஆயின் நன்றி வேறு, சான்று வேறு. ஆழிப்பேரலையின்பொழுது நாகூர்த் தர்காவினர் பிற சமயத்தார் உடல்களுக்கும் தம் நிலத்தில் இடமளித்தனர். அதனால் குரான் மெய்யாயிற்று என்று இவர்கள் சொல்வரா? நல்லோர் எங்கும் உளர் என்பதன்றி அதனால் வேறெதுவும் பெறப்படவில்லை.

இனி, இவர்கள் இளைஞரை மடக்கப் பெரிதும் நம்பியிருக்கும் அற வழக்குக்கு வருவோம். கடவுள் இல்லையேல் அறத்துக்கு அடிப்படையே இல்லையாம். கடவுளை மறுப்பவன் அறத்தைப் பற்றிப் பேசும் தகுதியே அற்றவனாம். பிளாத்தோ என்னும் கிரேக்க அறிஞர் ஏசுவுக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் முன்னரே எழுப்பிய வினா இங்கு நிற்கின்றது. கடவுள் கட்டளையிட்டதால் ஒன்று நல்லதாகின்றதா? அன்றி, நல்லதாயிருப்பதால் கடவுள் அதனைக் கட்டளையிடுகின்றாரா? பின்னது எனின் நன்மை கடவுளுக்கு முற்பட்டது. முன்னது எனின் அவர் கட்டளையிடும் எதுவும் நன்மையாகிவிடும். இது வெறும் சொல்லாட்டு அன்று. சாமுவேல் முதல் நூலில் (15:3) அமலேக்கியரின் ஆடவர், பெண்டிர், குழந்தைகள், பால்குடிக்கும் மகவுகள் அனைவரையும் கொல்லுமாறு கடவுளின் கட்டளை வருகின்றது. மேலே நாம் சொன்ன கிரெய்கு, கானானியர்மேல் நடந்ததாக எழுதப்பெற்ற இவ்வகைக் கொலைகளை வழக்குரைத்துக் காக்கின்றார். கொல்லப்பட்ட குழந்தைகள் விண்ணகம் எய்துவதால் அவர்கட்குத் தீங்கில்லை என்கின்றார்! மாறாத அறத்துக்குக் காவலர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் பால்மணம் மாறாத மகவின் கொலைக்குப் பரிந்து பேசும் இழிநிலைக்கு வந்தது எதனால்? நூலைக் காக்கவேண்டி நெஞ்சைக் கைவிட்டதனால்!

அடிமைமுறையையும் இவ்வாறே பார்க்கலாம். லேவியர் நூல் (25:44-46) பிற இனத்தாரை விலைக்கு வாங்கி மக்கட்கு உடைமையாக விட்டுச்செல்லலாம் என்கின்றது. 1452-இல் போப்பரசர் ஐந்தாம் நிக்கோலசு பிற சமயத்தாரை அடிமைப்படுத்தப் போர்த்துகல் மன்னனுக்கு ஒப்புதல் தந்தார். அக்கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது 2023-இல். அடிமையுடைமை பற்றிய பூசலில் பிரிந்து 1845-இல் அமைந்த அமெரிக்கத் தென்னகப் பாப்டிசுட்டுக் கூட்டவை அதற்கு மன்னிப்புக் கேட்டது 1995-இல்; சரியாக 150 ஆண்டு! அடிமைமுறையை ஒழிக்கப் போராடியவருள்ளும் கிறித்தவர் பலர் இருந்தனர் என்பர். உண்மையே. இரு கட்சியாரும் ஒரே நூலைத்தான் படித்தனர். ஆகவே எது அறம் என்று அவர்கட்குக் காட்டியது அந்நூலன்று. இங்கே நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் குலத்துக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிந்தது. கட்டியவரும் அதே நூலைக் கையில் வைத்திருந்தவரே.

கடவுளின்றி அறமில்லை என்னும் இக்கூற்றுக்குத் தமிழன் முன் நிற்கவொண்ணாத ஓர் இடர் உண்டு. அதன் பெயர் திருக்குறள். அதனை உணர்ந்துதானோ என்னவோ, 1886-இல் குறளை ஆங்கிலத்தில் தந்த போப்பையர், தம் முன்னுரையில் வள்ளுவரை மயிலைக் கடற்கரையில் கிறித்தவ ஆசிரியரொடு உலவவிட்டு, அவர்தம் கருத்துகளை வாங்கிக்கொண்டதாகக் கற்பனை செய்தார். சான்று ஒன்றும் இல்லை. குறளின் காலத்தைக் கி.பி. 800-க்கும் 1000-க்கும் இடையில் இழுத்து வைத்தால்தான் அவ்வுலா ஓரளவேனும் நடக்கக்கூடும்; அவ்வாறே இழுத்தும் வைத்தார். பின்னாளில் வள்ளுவரைக் கிறித்தவராகவே ஆக்க நூலெழுதியோரும் தமிழகத்தில் உளர். போப்பையரின் தமிழ்த்தொண்டுக்குத் தலைவணங்கும் நாம் இவ்வொன்றுக்குத் தலையாட்ட மாட்டோம்.

கடவுள் வாழ்த்து முதலதிகாரமாயிற்றே என்பர். ஆயினென்ன? வள்ளுவர் கடவுள் மறுப்பாளர் என்று நாம் சொல்லவில்லை. அறத்துக்கு அவர் எங்கே அடி நாட்டுகின்றார் என்பதே வினா. இன்னா செய்யாமையில் அவர் காட்டும் கரணியம் யாது? தனக்கு வலிப்பதை அறிந்தவன் பிறர்க்கு அதனைச் செய்வானேன் என்பது. வாய்மைக்கு அளவுகோல் யாது? பிறர்க்குத் தீங்கு விளையாமையும் தன்னெஞ்சு சுடாமையும். அளற்றைக் காட்டி அச்சுறுத்தலே அவர்தம் முதற்கருவியாயின், 133 அதிகாரங்கள் வேண்டியதில்லை. பத்துக் கட்டளை போதும். இரவச்சத்தில் அவர் இன்னும் ஒருபடி மேலேறுகின்றார். இரந்துதான் ஒருவன் வாழவேண்டுமென்று உலகை ஆக்கியவன் வகுத்திருப்பானாயின், அவனும் அவ்விரவலரைப்போல் அலைந்து கெட்டொழியட்டும் என்கின்றார். படைத்தவனையே கூண்டிலேற்றித் தீர்ப்புரைக்கும் அறம் அது. படைத்தவனிடமிருந்து பெற்ற அளவுகோலால் படைத்தவனை அளந்து ஒறுக்க முடியுமா?

1330 குறளையும் மொழிபெயர்த்த போப்பையர் இதனையும் மொழிபெயர்த்துள்ளார். எந்தக் கடற்கரையில் எந்தப் பாதிரியார் வாயிலிருந்து வள்ளுவர் இதனைக் கேட்டறிந்தார் என்பதைத்தான் எழுதாமல் விட்டுவிட்டார்.